பதினைந்தாவது பெயர்

கணக்குக்கு ஆசிரியர் இல்லை. அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது இந்த மூன்று சொற்கள்தான். மறந்துபோய் விடவில்லை. நீ நேராகவே கேட்டாய், நான் வேறொன்றைச் சொன்னேன்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு விண்ணப்பப் படிவம். பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கானது, குறுக்கே கோடு போட்டு ரத்துசெய்தது. பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலக் கறை இருக்கிறது. மை அல்ல. வெளுத்த நீலம், தேய்த்தால் சுண்ணாம்பாகப் பொடி உதிர்கிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கிறவர்களின் நகக்கண்ணில் தங்கிவிடுகிற நீலம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. உன் அப்பாவின் கையை நான் வேறு நிறத்தில் பார்த்ததே இல்லை.

நாம் பத்தாவது முடித்த ஆண்டு நம் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெண்கள் பள்ளி. பதினொன்றில் வணிகவியல் மட்டும்தான் இருந்தது. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த முதல் குரூப் வேண்டுமென்றால் தேனிக்கோ கம்பத்துக்கோ பஸ் ஏற வேண்டும். பையன்கள் ஏறினார்கள். எங்கள் வீட்டில் அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “இங்கன இருந்தாப் படி. பஸ்ஸுல போயி வர்ற படிப்பு வேணாம்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. மார்க்கையன்கோட்டை வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார். அதனால் அதை எதிர்த்துப் பேச எனக்கு ஒரு முனையும் அகப்படவில்லை.

அந்த ஜூனில்தான் நம் பள்ளியிலேயே முதல் குரூப் வரப்போகிறது என்று சொன்னார்கள். பதினைந்து பேர் சேர்ந்தால்.

புதன்கிழமை என் படிவத்தைக் கொடுக்கப் போனேன். தலைமையாசிரியை தொலைபேசியில் இருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது.

“அய்யா, கணக்குக்கு டீச்சரே போடாம எப்படிங்கய்யா குரூப்ப ஆரம்பிக்கிறது... பிள்ளைகளச் சேத்துக் காட்டுனாத்தான் போஸ்டா... சரிங்கய்யா. எப்ப வருவாகன்னு கேட்டாச் சொல்றதுக்கு ஒரு... சரிங்கய்யா. சேத்துர்றேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

“கேட்டுக்கிட்டா இருந்த?”

நான் தலையாட்டினேன்.

“வெளிய சொல்லிறாதத்தா. டீச்சர் இல்லேன்னா பிள்ளைக வராது. பிள்ளைக வரலேன்னா டீச்சர் வரமாட்டாக. மொதல்ல வண்டி கெளம்பட்டும், ஆளப் பெறகு ஏத்திக்கிடலாம்.” பிறகு பட்டியலைப் பார்த்தார்கள். “உன்னோட பதினாலு. வெள்ளிக்கெழமைக்குள்ள இன்னொண்ணு வேணும்.”

அவர்களைக் கெட்டவர் என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. சொந்த மகளை மதுரையில் விடுதியில் விட்டுவிட்டு நம்மைப்போன்ற பிள்ளைகளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்கள். அவர்களிடமிருந்து அந்தப் பொய்யை நான் வாங்கிக்கொள்ளவில்லை. என்னுடையதை நானே செய்துகொண்டேன்.

மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். வீடு என்றால் தோட்டத்துக்குள், பந்தல் முடிகிற இடத்தில். நீ ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் சுண்ணாம்புப் பாலைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாய். உன் அப்பா துத்தக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார். உன் தங்கை கொடி நறுக்குகிற கவாத்துக் கத்திரியைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள், உன் அம்மா எங்கிருந்தோ அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நீ உத்தமபாளையத்தில் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் சேர்வதென்று முடிவாகியிருந்தது. சித்தி வீட்டில் தங்கல். படிவம்கூட வாங்கியாகிவிட்டது.

“முதல் குரூப்பா? எனக்கா?” நீ சிரித்தாய். “ஏ புள்ள, ஊசி போடுறதுக்கு சைன் தீட்டாவா கேப்பாக?”

“பயாலஜியும் இருக்குடி அதுல. அதப் படிச்சும் நர்சிங் போகலாம். பெரிய நர்சிங். டிகிரி. டாக்டருக்குக்கூடப் போகலாம்.”

“டாக்டரு! யப்போவ், கேட்டீகளா? உங்க மக டாக்டராம்.”

“ஆகட்டுமே,” என்றார் உன் அப்பா, பீப்பாயிலிருந்து தலையெடுக்காமல். “மொதல்ல இந்த மருந்தப் பதமாக் கலக்கட்டும்.”

அவர் இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்துக் கலவைக்குள் சற்று நேரம் முக்கி வைத்தார். வெளியே எடுத்தபோது இரும்பின்மேல் செம்பு நிறமாக ஒரு படலம். “இன்னும் சுண்ணாம்பு கேக்குது,” என்றார். நீ ஒரு வாளி ஊற்றினாய். மறுபடி முக்கினார். இந்த முறை அரிவாள் அரிவாளாகவே வந்தது. “இப்ப அடிக்கலாம். இல்லேன்னா இலை கருகிப்போகும்.”

நான் காத்துக்கொண்டிருந்தேன். பொறுமை இல்லாமல் காத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ கையைக் கழுவிக்கொண்டே கேட்டாய்: “சரி, எனக்குக் கணக்கு வராதுன்னு உனக்கே தெரியும். கணக்கு யாரு எடுக்கப்போறாக?”

“வருவாக,” என்றேன்.

“நல்லாச் சொல்லிக் குடுப்பாகளா?”

“குடுப்பாக. இல்லேன்னா நான் இருக்கேன்ல.”

நீ உன் அப்பாவைப் பார்த்தாய். அவர் என்னைப் பார்த்தார். “எங்களுக்கு என்னத்தா தெரியும். நீதான் படிக்கிற பிள்ள. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

வெள்ளிக்கிழமை காலை உன் பெயர் பட்டியலில் ஏறியது. பதினைந்தாவது.

ஆசிரியர் வரவில்லை. ஆகஸ்டில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் ஒரு அக்கா வந்தார்கள். தீபாவளிக்குள் அவர்களுக்கு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அதன்பிறகு கணக்குப் பீரியட் என்றால் நான் கரும்பலகைக்கு முன்னால் போய் நிற்பது என்று ஆகிவிட்டது. கைடைக் கையில் வைத்துக்கொண்டு போடுவேன். எனக்குப் புரிந்ததை எழுதினேன். புரியாததையும் எழுதினேன். நீங்கள் பதினான்கு பேரும் பார்த்து எழுதிக்கொண்டீர்கள். எனக்கு அது நன்றாகவே இருந்தது. ஒரு கணக்கை ஆசிரியர் இல்லாமல் பிடிப்பதில் இருக்கிற சந்தோஷத்தை நான் அந்த வருடம்தான் கண்டுகொண்டேன். அதே கணக்கு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்க நான் திரும்பவில்லை. பலகையைப் பார்த்து நின்றால் வகுப்பு முதுகுக்குப் பின்னால்தானே இருக்கும்.

வேதியியலுக்கு மட்டும் நல்ல ஆசிரியை வாய்த்தார். ஒரு நாள் ஓர் உலோகம் இன்னொன்றைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளுவதைப் பற்றிச் சொல்லிவிட்டு, “இதுக்கு உதாரணம் யாராவது சொல்லுங்க” என்றார். புத்தகத்தில் இருந்ததைச் சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் பின்னாலிருந்து உன் குரல்.

“துத்தத்துல அருவாள முக்குனாச் செம்பு ஒட்டும் மிஸ். சுண்ணாம்பு பத்தலேன்னு அர்த்தம்.”

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. “யாரு சொல்லிக் குடுத்தா?”

“எங்கப்பா மிஸ்.”

“அவுக என்ன படிச்சிருக்காக?”

“அஞ்சாவது மிஸ். அதுவும் பாதி.”

அடுத்த வாரம் ஆய்வகத்தில் உப்புக்கள் தீர்ந்துபோயிருந்தன. உன் அப்பா ஒரு காகிதப் பொட்டலம் நிறைய மயில்துத்தம் கொடுத்தனுப்பினார். அந்த வருடம் முழுக்க நம் செய்முறைக்கு அதுதான். மிஸ் உன்னை “தோட்டத்து கெமிஸ்ட்” என்றார்கள். உனக்கு முகமெல்லாம் பல். நீ மக்குப் பெண் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யாராவது பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டினால் நீ எதையும் பிடித்துக்கொள்வாய். அரிவாளை முக்கிக் காட்ட உனக்கு அப்பா இருந்தார். கணக்குக்கு அப்படி ஒருவர் வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில், முதல் திருப்புதல் தேர்வில், கணக்கில் பாதிப் பேருக்குமேல் தேறவில்லை. நாலைந்து பேர் தலைமையாசிரியையிடம் போய் அழுதார்கள். தலைமையாசிரியையே வகுப்புக்கு வந்துவிட்டார்கள். கோபமும் இயலாமையும் சேர்ந்த குரலில், “நான் என்ன வச்சுக்கிட்டா இல்லேங்கிறேன்? சேரும்போதே டீச்சர் இல்லேன்னு தெரியும்ல? இந்தா, இவகிட்டச் சொன்னேன்ல” என்று என்னைக் கைகாட்டினார்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ பார்க்கவில்லை. குனிந்து நோட்டில் மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தாய்.

மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. சண்டை போடவுமில்லை. சைக்கிளில் எனக்கு முன்னால் போனாய், வாய்க்கால் திருப்பத்தில் கால் ஊன்றி நிற்காமல் போனாய். நான்காம் நாள் அதே திருப்பத்தில் நின்றிருந்தாய். நான் வந்ததும் சொன்னாய்:

“நீ சொல்லியிருந்தா நான் சேந்திருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. சேந்தாலும் சேந்திருப்பேன். ஆனா அத நான்லடி முடிவு பண்ணியிருக்கணும்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“வேணாம். நீ எதாச்சும் பொஸ்தகத்துல இருந்து சொல்லுவ. ஞாயித்துக்கெழம தோட்டத்துக்கு வா. அந்த இன்டெக்ரேஷன மொதல்லருந்து சொல்லிக் குடு. பலகையில இல்ல, எம் பக்கத்துல உக்காந்து.”

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தேன். பந்தலுக்கடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். நான் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவும்போதெல்லாம் நீ பேனாவைக் குறுக்கே வைப்பாய். “இரு. இங்கருந்து அங்கன எப்படிப் போன?” பல சமயம் அது எனக்கே தெரியவில்லை என்று அப்போதுதான் தெரியும். உன் தங்கை பக்கத்தில் படுத்துக்கொண்டு, “இவளுக்கே தெரியலக்கா, சும்மா ஏமாத்துறா” என்பாள். அவளைத் துரத்திவிடுவாய். ஆனால் அவள் சொன்னது சரி. எனக்கு அந்தப் பாடம் உண்மையில் புரிந்தது அந்தச் சாக்கின்மேல்தான். நாட்கள்தான் போதவில்லை. ஒன்றரை வருடத்தை ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் அடைக்க முடியவில்லை.

முடிவு வந்த அன்று கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம். நம் எண்களை நான்தான் சொன்னேன். வேதியியலில் உனக்கு நூற்று எண்பத்தொன்று, பள்ளியிலேயே முதல். கணக்கில் அறுபத்திரண்டு. தேற இருநூற்றுக்கு எழுபது வேண்டும். நீ திரையை இன்னொரு முறை பார்த்தாய்.

“கெமிஸ்ட்ரில உன்னய முந்திட்டேன், பாத்தியா.”

பதினைந்து பேரில் ஒன்பது பேர் தேறினோம். நான் மதுரைக்குக் கணக்குப் படிக்கப் போனேன். அப்பா விடுதிக்கு ஒத்துக்கொண்டார். வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவதைவிட அது மேல் என்று அவருக்குப் பட்டது, காரணத்தை நான் கேட்கவில்லை. நீ செப்டம்பரில் கணக்கை மறுபடி எழுதினாய், விட்டுப்போனது. அடுத்த மார்ச்சிலும் விட்டுப்போனது, அதற்கும் அடுத்த மார்ச்சில்தான் எழுபத்து நான்கு. அதற்குள் நர்சிங் இரண்டு சேர்க்கை கடந்துபோயிருந்தது. ஆய்வக நுட்பப் படிப்பில் சேர்ந்தாய். கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒரு முறை விடுமுறையில் அங்கே வந்தேன். வெள்ளைக் கோட்டில் இருந்தாய். ஒரு கிழவருக்கு ஊசி குத்திக்கொண்டே, “இங்க பாருங்க, இவ என் சினேகிதி. கணக்குல புலி. நான் கெமிஸ்ட்ரில. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு” என்றாய். அவர் வலியை மறந்து சிரித்தார். நீ சந்தோஷமாகத்தான் இருந்தாய். அதைக் குறைத்துச் சொன்னால் அது உன் வாழ்க்கையைப் பற்றி நான் சொல்லும் இன்னொரு பொய்யாகிவிடும். ஆனாலும் வெள்ளைக் கோட்டைப் பார்த்தபோது எட்டு மதிப்பெண்ணை நினைத்தேன்.

நான்கு நாள் காய்ச்சல் என்றார்கள். மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. உனக்கு இருபத்து மூன்று வயது.

அந்த வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: “இவதான் எம் மகளப் பெரிய குரூப்புல சேத்துவிட்டா. இவ இல்லேன்னா எம் பிள்ள அம்புட்டுப் படிச்சிருக்குமா?” உன் அப்பா பந்தல் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். நான் எதையும் திருத்தவில்லை. உண்மையைச் சொல்லாமல் விட்டது அது இரண்டாவது முறை.

நாம் வெளியேறிய வருடமே நம் பள்ளியில் கணக்குக்கு ஆசிரியை போட்டார்கள். பதினைந்து பேர் காகிதத்தில் இருந்ததால்தான் போட்டார்கள். உன் தங்கை அவர்களிடம் படித்தாள். கணக்கில் நூற்று எண்பத்தாறு. இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் கடைசி வருடம். தலைமையாசிரியை சொன்னதும் சரியாகத்தான் நடந்தது. வண்டி கிளம்பியது, ஆள் ஏறினார்கள். இந்தக் கணக்கை நான் பல முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். விடை வருகிறது. இங்கிருந்து அங்கே எப்படிப் போனாய் என்று நீ பேனாவைக் குறுக்கே வைக்கிற இடத்தில் எனக்குப் பதில் இல்லை.

போன வருடம் எனக்கு அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. பண்ணைப்புரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ஊர். வணிகவியலும் வரலாறும் மட்டும் இருக்கிற பள்ளி. இந்த ஜூனில் முதல் குரூப் தொடங்கலாம் என்றார்கள், பதினைந்து பேர் சேர்ந்தால். கணக்குக்கு நான் இருக்கிறேன். இயற்பியலுக்கு ஆள் இல்லை.

“சேக்குறப்ப அதெல்லாம் பேச வேணாம் மேடம்,” என்றார் தலைமையாசிரியர். அவரும் நல்லவர்தான்.

கடைசி நாள் பதினான்கு பெயர் இருந்தது. மதியம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி ஏற்கெனவே சேர்ந்தவள். முதல் நாளே படிவம் கொடுத்துவிட்டு, தினமும் வந்து எண்ணிக்கை கேட்டுப் போகிறவள். இன்னொருத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். பின்னால் அந்த இன்னொருத்தியின் அப்பா, தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார்.

“மிஸ், இவ சேந்தாப் பதினஞ்சு!”

படிவம் நிரப்பியாகிவிட்டது. அப்பா கையெழுத்துப் போட்டார், விரல் பட்ட இடத்தில் நீலம் ஒட்டியது.

“எந்தப் பாடம் உனக்கு வராது?” என்று கேட்டேன்.

“பிசிக்ஸ் மிஸ்,” என்றாள். “ஆனா சொல்லிக் குடுத்தாப் படிச்சிருவேன். யாரு மிஸ் எடுப்பாக?”

“இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை,” என்றேன். “வரலாம். வராமலும் போகலாம். உங்களுக்கு முதல் வருடம் முழுக்கவே இல்லாமல் போகலாம்.”

பிடித்திருந்த கை தளர்ந்ததைப் பார்த்தேன். அப்பா, “அப்பறம் எதுக்கு மிஸ் அந்தக் குரூப்பு?” என்றார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். பதில் சொல்லத் தெரிந்திருந்தும், “அவளே முடிவு பண்ணட்டும்” என்று மட்டும் சொன்னேன். அவள் படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். தோழியைப் பார்க்கவில்லை. பிறகு, “வேற ஃபார்ம் குடுங்க மிஸ்” என்றாள்.

வணிகவியலில் சேர்ந்தாள். நன்றாகப் படிக்கிறாள்.

முதல் குரூப் இந்த வருடம் தொடங்கவில்லை. பதினான்கு பேரில் எட்டுப் பேர் பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போகிறார்கள். ஐந்து பேர் இங்கேயே வேறு குரூப்பில் இருக்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்து வந்தவள் இங்கே வேறு குரூப் வேண்டாமென்றாள், எங்கும் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா எழுந்து நாற்காலி போட்டார், காப்பி கொடுக்கச் சொன்னார். “இங்கன இருந்தாப் படிக்க வைப்போம் மிஸ்,” என்றார். “பஸ்ஸுல போயி வர வேணாம்.” மறு ஞாயிறும் போனேன். அவள் கவாத்து வேலைக்குப் போயிருந்தாள்.